காலைப் பார்த்துப் பேசுற கம்பவுண்டர்

முப்பத்தெட்டு வயசுல, மூணு பிள்ளைங்களுக்கு அப்பனா இருந்துக்கினு, மண்டியில தரகனா நாலு பேருக்கு நியாயம் சொல்ற ஆளா இருந்துக்கினு, நான் ஒரு திருட்டு பண்ணேன். இன்னா திருடினேன்னு சொல்றதுக்கு இன்னிக்கும் கூச்சமா இருக்குது. மூத்திரம். என் தங்கச்சி வூட்டுக்காரரோட மூத்திரம். ஒரு சின்ன மருந்து பாட்டில் நெறைய.

ஆடு திருடினவனுக்காவது ஆட்டுத்திருடன்னு ஒரு பேர் இருக்குது. எனக்கு இன்னா பேர் வைப்பாங்க? நானே போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னாலும் ஏட்டு பேனா மூடியைத் தொறக்கமாட்டார். சிரிச்சிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவார். ஆனா அந்தத் திருட்டுல ஒரு கால் போயிடுச்சு. என் கால் இல்லீங்க. என்னுது ரெண்டும் பத்திரமா இருக்குது.

இதைச் சொல்லணும்னா மொதல்ல அந்த கம்பவுண்டரைச் சொல்லணும்.

திண்டிவனத்துலருந்து விழுப்புரம் போற ரோட்டுல புதுசா ஒரு சர்க்கார் சுகாதார நிலையம் தொறந்திருந்தாங்க. ஓட்டுக் கட்டடம். ஒரு டாக்டர், ஒரு நர்சம்மா, இந்த கம்பவுண்டர். அவருக்கும் ஒரு பேர் இருந்திருக்கும். நாங்க கேட்டுக்கல. அவரும் எங்க பேரைக் கேட்டுக்கல. ஏன்னா அவர் யார் மூஞ்சியையும் பார்க்கமாட்டார். காலைத்தான் பார்ப்பார்.

நாம உள்ள நுழைஞ்சா தலையைத் தூக்காமலே, "வாங்க, செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க" அப்பிடின்னுவார். நம்ம கால்கிட்ட சொல்ற மாதிரியே இருக்கும். ஆளுங்களை அடையாளம் வச்சிக்கிறதும் அப்பிடித்தான். "அந்த ஆணிக்கால் ரெண்டு வாரமா காணோமே?" "வெரல் மேல வெரல் ஏறினவரு வந்தாரா?" என்னை அவர் 'தட்டைப் பாதம்'னுதான் சொல்லுவார். கல்யாண வூட்டுல ஒரு தடவை எதிர்ல வந்தேன். அடையாளம் தெரியல. செருப்பைக் கழட்டினேன். "அடடே, நீயா!" அப்பிடின்னு தோள்ல கை போட்டார்.

ஒல்லியா, கறுப்பா, அம்பது வயசு இருக்கும். காக்கி பேன்ட்டு போடுவார். அதுல முட்டி ரெண்டும் மட்டும் தேஞ்சு வெளுத்துப் போயிருக்கும், நாள் பூரா தரையில முட்டி போட்டு உக்காந்து யார் காலையாவது மடியில வச்சிக்கினு இருக்கிறதால.

வூடு விழுப்புரம். காலையில பாசஞ்சர் புடிச்சி திண்டிவனம் வந்து, ஸ்டேஷன்ல போட்டு வச்ச சைக்கிளை எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு வருவார். அந்த பாசஞ்சர்ல நான் ஒரு தடவை அவரோட வந்திருக்கேன். டிக்கெட் பார்க்கிறவர் முன்னால போறார், இவர் பின்னால போறார். பீடி குடிக்கிற ஆளா பார்த்து நின்னு, "ஐயா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" அப்பிடின்றார். ஜனங்க டிக்கெட்டைக் காட்டின கையோட காலையும் காட்டினாங்க. காக்கி பேன்ட்டு போட்டவர் கேட்டா எதை வேணா காட்டிடுவாங்க நம்ம ஆளுங்க.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். சர்க்கரை வியாதி இருக்கிறவன் பீடி குடிக்கக் கூடாது. என்னை மாதிரி சர்க்கரைக்காரங்களுக்கு அது புரியல. சர்க்கரைன்னா இனிப்பு வேணாம், சரி. பீடி இன்னா இனிக்கவா செய்யுது? டாக்டர் மாத்திரை எழுதினார், அரிசியைக் குறைச்சி கேப்பைக்களி தின்னச் சொன்னார், பீடியும் விட்டுடுய்யான்னார். அதோட அவர் வேலை முடிஞ்சிது. இவருக்குத்தான் முடியல.

"ஒரு வாய்க்கால் இருக்குது. உள்ள சேறு அடைக்குது, வெளிய ஒருத்தன் கரையை மிதிச்சி நெரிக்கிறான். கடைமடைக்குத் தண்ணி போவுமா? சர்க்கரை சேறு. பீடி அந்த மிதிக்கிறவன். கால்தான்யா கடைமடை" அப்பிடின்னுவார். விவசாயிங்க தலையாட்டுவாங்க. வெளிய வந்து புங்கமரத்தடியில நின்னு, "நல்லா சொல்றார்பா" அப்பிடின்னு சொல்லிக்கினே ஆளுக்கொண்ணு பத்த வைப்பாங்க. நானுந்தான்.

அவர் பீடியைப் புடுங்கமாட்டார். தீப்பெட்டியைத்தான் கேட்பார். "பீடி உங்கிட்டயே இருக்கட்டும். நெருப்பை மட்டும் எங்கிட்ட குடுத்துடு." ஏன் சார்னு கேட்டேன். "பீடியைப் புடுங்கினா உனக்கு ரோசம் வரும். இன்னும் ரெண்டு சேர்த்துக் குடிப்ப. நெருப்பு இல்லன்னா ஒவ்வொரு தடவையும் எழுந்து, நடந்து, இன்னொருத்தன்கிட்ட போய் நிக்கணும். அந்த நடையிலயே பாதி பீடி கொறைஞ்சிடும்." அவர் மேஜை இழுப்பறையில மருந்தைக் காட்டியும் தீப்பெட்டிதான் அதிகம். என்னுது மட்டும் ஏழு இருக்கும். எட்டாவதுக்கு என் வூட்டு அடுப்புத் தீப்பெட்டியையே எடுத்துக்கினு போய் நீட்டிட்டேன். என் பொண்டாட்டி அன்னிக்குப் பக்கத்து வூட்டுல தணல் வாங்கி ஒலை வச்சா. என்னைத் திட்டினது தெரு மொனை வரைக்கும் கேட்டுச்சு.

ஆனா நெருப்புக்கா பஞ்சம்? எல்லா பெட்டிக்கடையிலயும் தேங்கா நார்க்கயிறு தொங்கும், நுனி கனிஞ்சிக்கினே இருக்கும். போறவன் வர்றவன் பத்த வச்சிக்கினு போவான். அதைப் பார்த்தா அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு நாள் சாயந்திரம் திண்டிவனம் கடைத்தெருவுல சைக்கிளைத் தள்ளிக்கினு வந்தவர், ஒரு கடையில நின்னார். கயித்து நுனியை ரெண்டு வெரலால அப்பிடியே கசக்கி அணைச்சார். அடுத்த கடை. அதையும் அணைச்சார். மூணாவது கடைக்காரன் எறங்கி வந்து சட்டையைப் புடிச்சிட்டான்.

"யோவ், இன்னா பேஜாரு பண்ற? கவருமெண்டுன்னா எது வேணா செய்வியா?"

"உன் கடையில எத்தினி பேர் பத்த வைக்கிறான் தெரியுமா?"

"வியாபாரம்யா அது!"

"அதுல ஒருத்தன் காலை நான் நேத்திக்குக் கழுவினேன். புழு இருந்துச்சு. நீ வந்து கழுவுறியா?"

கடைக்காரன் சட்டையை விட்டான். ஆனா கயித்தைத் திரும்பப் பத்த வச்சான். இவர் வெரல் நுனி கொப்புளம் போட்டிருந்துச்சு. அதோடவே மறுநாள் எனக்கு ஊசி போட்டார். வலிச்சது எனக்கா அவருக்கான்னு தெரியல.

சிரிக்கிற மாதிரிதான் இருக்கும் அவர் பண்றதெல்லாம். நான் மண்டியில அவரை மாதிரி நடிச்சிக் காட்டுவேன். வண்டிக்காரங்க வயித்தைப் புடிச்சிக்கினு சிரிப்பாங்க. அதுல ஒரு வண்டிக்காரர் மட்டும் கொஞ்ச நாள் கழிச்சி சிரிக்கிறதை நிறுத்திட்டார். அவருக்கும் சர்க்கரை. மொதல்ல ரெண்டு வெரல் போச்சு, அப்புறம் பாதம், அப்புறம் ஆளே போயிட்டார். கடைசி வரைக்கும் பீடி வாயில. கம்பவுண்டர் அவர் காலைப் புடிச்சிக் கெஞ்சின கெஞ்சலை நான் கண்ணால பார்த்தேன். 'காலைப் புடிக்கிறது'ன்னு நாம சும்மா பேச்சுக்குச் சொல்லுவோம். இவர் நெஜமாவே தரையில நெத்தி பட விழுவார். தன்னைவிடச் சின்னவன், பெரியவன், கூலிக்காரன், காணிக்காரன், ஒண்ணும் பார்க்கமாட்டார். வயசுல மூத்தவர் நம்ம கால்ல விழுந்தா நம்ம ஆயுசு கொறையும்னு அந்த வண்டிக்காரர் பதறிப்போய் இழுத்துக்கினார். பீடியை மட்டும் விடல.

பதினாறாம் நாள் காரியத்துக்கு கம்பவுண்டரும் வந்திருந்தார். வாழையிலையில படையல் போட்டிருந்தாங்க. வண்டிக்காரருக்குப் புடிச்ச கருவாட்டுக் குழம்பு, கேப்பைக்களி, ஒரு கிளாஸ் கள்ளு, ஓரமா ஒரு கட்டு பீடி, மேல தீப்பெட்டி. எங்க பக்கம் அது வழக்கம். செத்தவர் ஆசைப்பட்டதை வைக்கணும். கற்பூரம் காட்டப் போற நேரம். இவர் எழுந்து போய் இலையிலருந்து அந்த பீடிக்கட்டை எடுத்துட்டார்.

"செத்த பெறகுமாய்யா?" அப்பிடின்னார். "செத்த பெறகுமா குடுப்பீங்க?"

படையல்ல கை வச்சிட்டார்னு நாலு பேர் அடிக்கப் பாய்ஞ்சாங்க. நான்தான் நடுவுல பூந்து, "மனுசன் மருந்து நெடியில மண்டை கொழம்பிட்டார், விடுங்கப்பா" அப்பிடின்னு ஏதோ கோணங்கித்தனம் பண்ணி வெளிய இழுத்துக்கினு வந்தேன். ரோட்டுல நின்னு அந்தக் கட்டைக் கையில வச்சிக்கினு அழுதார். "பத்து வருசத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன் எனக்காக விட்டான்னு சொல்ல ஆள் இல்லய்யா" அப்பிடின்னார். என் காலைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்னிக்கு எனக்குப் பாவமா இருந்துச்சு. மறுநாளே தொல்லையா போச்சு. ஏன்னா வண்டிக்காரர் போன பெறகு அவர் பார்வை பூரா என் தட்டைப் பாதத்து மேல விழுந்துச்சு. மண்டிக்கே வர ஆரம்பிச்சார். நான் வேர்க்கடலைன்னு சொல்றாங்களே, அந்த மல்லாட்டைக் காயைக் கையில குலுக்கி, உடைச்சி, பருப்பு தரம் சொல்லிக்கினு இருப்பேன். குடியானவங்க சுத்தி நிப்பாங்க. இவர் பாட்டுக்கு என் காலடியில உக்காந்து வெரல் இடுக்கை அழுத்திப் பார்ப்பார். "இன்னாய்யா, தரகருக்குப் பூசை நடக்குதா?" அப்பிடின்னு கிண்டல்.

பொறுக்க முடியாம ஒரு நாள் கேட்டேன். "சார், நான் இன்னா செஞ்சா என்னை விடுவீங்க?"

"பீடியை விடு."

"அது இல்லாம வேற?"

யோசிச்சார். "பாட்டில் நீலமா வரட்டும். விட்டுடறேன்."

வியாழக்கிழமையில சர்க்கரைக்காரங்க எல்லாம் காலையில பாட்டில்ல மூத்திரம் கொண்டு வரணும். அவர் கண்ணாடிக் குழாயில நீலத் தண்ணி மருந்து ஊத்தி, இதுல எட்டு சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்குல காய்ச்சுவார். நீலமாவே இருந்தா சர்க்கரை இல்ல. பச்சை, மஞ்சள்னு மாறினா இருக்குது. செங்கல் நெறத்துக்கு வந்துட்டா நெறைய இருக்குது. எனக்கு எப்பவும் மஞ்சள்.

அப்பத்தான் மாப்பிள்ளை வந்தார். வல்லத்துக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல என் தங்கச்சியைக் குடுத்திருக்குது. சொந்த நெலம், கெணறு, நல்ல உழைப்பாளி. என்னைவிட ஆறு வயசு சின்னவர். புதன்கிழமை மல்லாட்டை மூட்டையோட வண்டி கட்டிக்கினு வந்து எங்க வூட்டுல தங்கினார். கால்ல ஏதோ குத்தியிருக்குது, தோட்டத்துக்கு நடக்க சிரமம், அதனால கட்டிலுக்கடியில ஒரு தகர டப்பா வச்சிக்கினார். வியாழக்கிழமை விடிஞ்சி பார்த்தேன். டப்பா ரொம்பியிருந்துச்சு. என் புத்தி வேலை செஞ்சுது. கட்டுடம்பு, சர்க்கரையாவது ஒண்ணாவது, நீலம் நிச்சயம். என் பாட்டில்ல அதை ஊத்திக்கினேன்.

டப்பாவைச் சுத்தி எறும்பு வரிசை கட்டியிருந்துச்சு. அதையும் பார்த்தேன். வெல்ல மூட்டை பக்கத்துல இருக்குது, அதுக்கு வந்திருக்கும்னு நெனச்சேன். நாலு வருசமா சர்க்கரைக்காரன் நான். எறும்புக்குப் புரிஞ்சது எனக்குப் புரியல.

ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் குழாயைக் காய்ச்சினார். நான் ஜம்முனு கால் மேல கால் போட்டுக்கினு உக்காந்திருந்தேன். நீலம் பச்சையாச்சு. பச்சை மஞ்சளாச்சு. மஞ்சள்ல நிக்கல. அடியிலருந்து செங்கல் தூள் மாதிரி செவப்பு பொங்கிக்கினு வந்துச்சு. அவர் விளக்கை அணைச்சார். மொத தடவையா என் மூஞ்சியைப் பார்த்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க நீ?"

அந்த எடத்துல சொல்லியிருக்கணும். ஒரே வார்த்தை. 'என்னுது இல்ல சார்.' சுத்தி பதினஞ்சு பேர். வாய் வரைக்கும் வந்துச்சு. "நேத்திக்கு ஒரு கல்யாணம் சார்" அப்பிடின்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்பு வந்துட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது.

அந்த வாரம் பூரா அவர் என்னைச் சுத்தி வந்தார். காலையில மண்டி, சாயந்திரம் வூடு. என் பிள்ளைங்க முன்னாலயே கால்ல விழுந்தார். என் பொண்டாட்டி ஓடிப்போய் உள்ள கதவைச் சாத்திக்கினா. நான் ஒரு பக்கம் அவரைத் தூக்கி நிறுத்திக்கினே, பாட்டில் சரியா கழுவல, அதனாலதான் செவப்பாச்சுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கினேன். மாப்பிள்ளை ஊருக்குப் போயிட்டார். ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கலாம். 'மாப்ள, உங்க மூத்திரத்தைத் திருடினேன், அதுல சர்க்கரை இருக்குது'ன்னு எந்த மச்சான் எழுதுவான்?

அடுத்த வியாழன் யோக்கியமா என்னுதையே கொண்டுபோனேன். மஞ்சள். கம்பவுண்டர் குழாயை வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"எறங்கிடுச்சு! ஒரே வாரத்துல! பீடியை விட்டுட்டியா?"

கண்ணுல தண்ணி. பத்து வருசமா ஒருத்தன்கூட இல்லன்னு ரோட்டுல நின்னு அழுதவர். நான் இன்னா சொல்லுவேன்?

"விட்டுட்டேன் சார்" அப்பிடின்னேன். இடுப்பு மடிப்புல பீடிக்கட்டு குத்திக்கினு இருந்துச்சு.

அதோட நான் பெரிய மனுசன் ஆயிட்டேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை என்னை பெஞ்சு மேல நிக்க வச்சி, "பாருங்க, செங்கல்லா இருந்த ஆளு. பீடியை விட்டார், மஞ்சளுக்கு வந்துட்டார்" அப்பிடின்னு காட்டுவார். நான் பேசுவேன். பேசறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? மொத நாள் எப்பிடி இருந்துச்சு, கை எப்பிடி நடுங்கிச்சு, வாயில கிராம்பு போட்டு எப்பிடி சமாளிச்சேன், எல்லாம் அளந்து விட்டேன். சிரிக்க வச்சேன். ஒருத்தர் ரெண்டு பேர் அழக்கூட செஞ்சாங்க. பேசி முடிச்சிட்டு ஆஸ்பத்திரி பின்பக்கம் மல்லாட்டைக் கொல்லையில உக்காந்து ஒண்ணு பத்த வைப்பேன்.

கம்பவுண்டர் அந்த நாளுங்கள்ல நிமிர்ந்து நடந்தார். நர்சம்மாவே சொன்னாங்க, "சார் பாட்டெல்லாம் முணுமுணுக்கிறாரு". அதைக் கேட்ட பெறகு உண்மையைச் சொல்றது மலையாட்டம் ஆயிடுச்சு. சொன்னா கம்பவுண்டர் ஒடைஞ்சி போயிடுவார். சொல்லலன்னா மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும். ரெண்டும் தெரியும். நெதம் காலையில இன்னிக்குச் சொல்லிடணும்னு எழுந்திருப்பேன், சாயந்திரம் நாளைக்குன்னு படுப்பேன். அப்பிடியே நாப்பது நாள் போச்சு.

நடுவுல ஒரு தடவை வல்லத்துப் பக்கம் போனேன். மாப்பிள்ளை கெணத்து மேட்டுல உக்காந்து பீடி குடிச்சிக்கினு இருந்தார். கால்ல துணி சுத்தியிருந்துச்சு.

"மாப்ள, பீடியைக் கொஞ்சம் கொறைச்சிக்கலாமில்ல" அப்பிடின்னேன்.

"நீங்க சொல்றீங்களா மச்சான்?" சிரிச்சார். ஒண்ணை எடுத்து என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கினேன். ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சோம். "மாப்ள, ஒரு தடவை எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்களேன்" அப்பிடின்னேன். "அறுவடை முடியட்டும் மச்சான்" அப்பிடின்னார். நான் அதுக்கு மேல அழுத்தல. வண்டி ஏறும்போது கையைத் தூக்கிக் காட்டினார், ஒத்தைக்கால்ல நின்னுக்கினு.

நாப்பது நாள் தாண்டி ஒரு வியாழக்கிழமை. நான் ஆஸ்பத்திரிக்குப் பேசக் கெளம்பிக்கினு இருக்கேன், தங்கச்சி மொத பஸ்ஸுல வந்து எறங்கினா.

"அண்ணா, அவரு கால் பெருவெரலு நாவப்பழமாட்டம் கறுத்துப் போச்சுண்ணா. ஒரே நாத்தம். கேட்டா வலிக்கவே இல்லையாம். வலிக்காததுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரின்னு கத்துறாரு. நீ வந்து சொல்லு, நீ சொன்னா கேட்பாரு."

நான் செருப்புகூட போடாம ஓடினேன். கம்பவுண்டர் பெஞ்சைத் தொடைச்சி எனக்காக ரெடியா வச்சிக்கினு இருந்தார். "வாய்யா, இன்னிக்கு முப்பது பேர்!" அவரைப் பின்பக்கம் இழுத்துக்கினு போய், மல்லாட்டைக் கொல்லை ஓரமா நிறுத்தி, எல்லாத்தையும் சொன்னேன். டப்பா, பாட்டில், எறும்பு, கல்யாணம், கிராம்பு, எல்லாம்.

அடிப்பார்னு நெனச்சேன். காறித் துப்புவார்னு நெனச்சேன். அவர் என்னைப் பத்தி ஒரு கேள்வியும் கேட்கல.

"அது யாருது?"

"எங்க மாப்பிள்ளைது சார்."

"பீடியா?"

"நாளுக்கு ரெண்டு கட்டு."

"கால்?"

"பெருவெரல் கறுத்துப் போச்சாம்."

"வலிக்குதாமா?"

"வலிக்கவே இல்லையாம் சார்."

அதைக் கேட்டதும் அப்பிடியே மண்ணுல உக்காந்துட்டார். எழுந்து, டாக்டர்கிட்ட ஏதோ சொல்லிட்டு, மருந்துப் பொட்டியைக் கட்டிக்கினு சைக்கிளை எடுத்தார். "ஏறு, ஜல்தி" அப்பிடின்னார். பன்னெண்டு மைல். மேட்டுல நான் எறங்கித் தள்ளினேன்.

மாப்பிள்ளை கட்டில்ல உக்காந்திருந்தார். "இன்னா மச்சான், ஆஸ்பத்திரியையே கூட்டிக்கினு வந்துட்டீங்க?" கம்பவுண்டர் தரையில உக்காந்து அந்தக் காலை எடுத்து மடியில வச்சி, துணியைப் பிரிச்சார். தங்கச்சி மூக்கைப் பொத்திக்கினு திரும்பிக்கினா. அவர் மூக்கைப் பொத்தல. சட்டைப் பையிலருந்து ஒரு குண்டூசி எடுத்தார். மாப்பிள்ளை அந்த வருசத்து மழையைப் பத்தி என்கிட்ட சொல்லிக்கினு இருந்தார். இவர் உள்ளங்கால்ல ஊசியைக் குத்தினார். மாப்பிள்ளை மழையைப் பத்தியே சொல்லிக்கினு இருந்தார். இன்னொரு எடத்துல குத்தினார். ரத்தம் ஒரு பொட்டு வந்துச்சு. மாப்பிள்ளை, "ஐப்பசியில பேய்ஞ்சிருந்தா மூட்டை கூட வந்திருக்கும் மச்சான்" அப்பிடின்னார்.

கம்பவுண்டர் ஊசியை ஒளிச்சிட்டு, அந்தக் கால் மேலயே நெத்தியை வச்சி விழுந்தார்.

"தம்பி, பீடியை விட்டுடுப்பா. இன்னிக்கே. உன் கால்ல விழறேன்."

"ஐயோ, எழுந்திருங்க சார், ஊர் பார்க்குது. இந்தாங்க" அப்பிடின்னு மாப்பிள்ளை தீப்பெட்டியை எடுத்துக் குடுத்துட்டார். நான் எட்டு தீப்பெட்டி குடுத்து ஏமாத்தின ஆளு. அவர் ஒண்ணே ஒண்ணு குடுத்தார், நெஜமாவே குடுத்தார்.

மறுநாள் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் பார்த்துட்டு, "ஒரு மாசம் முன்னாடி கொண்டு வந்திருந்தா வெரலோட போயிருக்கும்" அப்பிடின்னார். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.

அடுத்த வியாழக்கிழமை நான் கம்பவுண்டர்கிட்ட போய், "சார், எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடறேன்" அப்பிடின்னேன். அதுலயாவது கொஞ்சம் பாரம் எறங்கும்னு எனக்கு ஆசை.

"வேணாம்" அப்பிடின்னார். "உன் பொய்யைக் கேட்டு நாலு பேர் விட்டிருக்கான். நெஜமா விட்டிருக்கான், நான் போய்ப் பார்த்தேன். நீ உண்மையைப் பேசி அவனுங்களைத் திரும்பப் பத்த வச்சிடாத. நீ இப்ப விடு. சொன்னதை நெஜமாக்கு."

அன்னிக்குத்தான் விட்டேன். கிராம்பு ஒண்ணும் உதவல. கை நடுங்கினதெல்லாம் நான் அளந்ததைவிட மோசமா இருந்துச்சு. அதுக்கப்புறம் என் காலை அவர் பார்க்கறதில்ல. வாரா வாரம் போவேன், செருப்பைக் கழட்டிட்டு நிப்பேன். என் மூஞ்சியைப் பார்த்து, மரியாதையா, "உக்காருங்க" அப்பிடின்னுவார். பாட்டிலை வாங்கி, என்னுதுதானான்னு மோந்து பார்த்து வச்சிக்குவார்.

ஆனா ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வல்லத்துப் பக்கம் சைக்கிள்ல போய்க்கினுதான் இருந்தார். "இன்னொரு கால் இருக்குதில்ல" அப்பிடின்னுவார். மாப்பிள்ளை மூணு மாசம் கழிச்சி திரும்ப பீடியைத் தொட்டுட்டார். நாள் பூரா கட்டில்லயே கெடக்கிற மனுசன், வேற இன்னா பண்ணுவார்? கம்பவுண்டர் தங்கச்சி கால்லயும் விழுந்தார். "அம்மா, அடுப்பு நெருப்பை மட்டும் குடுக்காதீங்க." அவளும் ஒலை எறக்கின கையோட அடுப்புல தண்ணி ஊத்திடுவா. பெட்டிக்கடை ரோட்டு மொனையில. அங்க வரைக்கும் நடந்து போக மாப்பிள்ளைக்கு முடியல. கட்டு கையில இருக்கும், நெருப்பு இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா நின்னே போச்சு.

கம்பவுண்டரோட வைத்தியம் முழுசா பலிச்சது அந்த ஒரு ஆள்கிட்டதான். நெருப்பு தேடிப் போக அவருக்குக் கால் இல்ல. நான் போய் சந்தோஷமா சொன்னேன், "சார், மாப்பிள்ளை விட்டுட்டார்." அவர் ரொம்ப நேரம் குழாயைக் கழுவிக்கினே இருந்தார். "எப்பிடி விட்டார்னு எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க" அப்பிடின்னார். அந்த வருசமே அவரைத் தெக்கத்திப் பக்கம் மாத்திட்டாங்க. போற அன்னிக்கு நான் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போகல. போயிருந்தா ஏதாவது தமாஷ் பண்ணியிருப்பேன்.

தங்கச்சிகிட்ட மட்டும் நான் சொல்லவே இல்ல. ரெண்டு வருசம் கழிச்சி, ஒரு பொங்கல் முடிஞ்சி, அவ வாசல்ல உக்காந்து மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தா. நான் எதிர்ல உக்காந்து, எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில ஆரம்பிச்சேன். "ஒரு வேடிக்கை கேளு, உங்கண்ணன் ஒரு தடவை திருடினான்." டப்பா வரைக்கும் வந்தப்ப அவளுக்கு லேசா சிரிப்பு வந்துச்சு. செங்கல் நெறம் வந்தப்ப உரிக்கிறதை நிறுத்திட்டா. நாப்பது நாள்னு சொன்னப்ப முறத்தை எடுத்துக்கினு எழுந்துட்டா.

உள்ள கட்டில்ல மாப்பிள்ளை, "இன்னா மச்சான், அங்க இன்னா சிரிப்பு? சொல்லுங்க, நானும் கேட்கிறேன்" அப்பிடின்னார்.

அவ கதவுகிட்ட நின்னு, கொரலைத் தாழ்த்தி சொன்னா: "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதண்ணா. நீ சொன்னா அவரு சிரிச்சிட்டு உன்னை விட்டுடுவாரு."